உயிரோடிருப்பவருக்கு வைத்த பூ

மொன்றியல்,
மாசி மாதம்

அன்புள்ள நிரஞ்சனி,

நீரும் மகள் வித்தியாவும் சுகம்தானே? உமது முழங்கால் நோவு எப்படி? எனக்கு ஒரு குறையுமில்லை, நித்திரைதான் போதவில்லை.

நான் வெட்கப்பட்ட கதையைக் கேளும். நான் துப்புரவு செய்யும் கல்லூரியில் கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் கொண்டாடுகிறார்கள். மண்டபத்தில் ஒரே மேளமும் பாட்டும். சுவரெல்லாம் சட்டம் போட்ட படங்கள். ஒரு கறுப்பின அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பாவம், காலமாகிவிட்டார் என்று நினைத்து, சாடியிலிருந்து விழுந்த பூவை எடுத்து வைத்துக் கும்பிட்டேன். திரும்பினால் அந்த அம்மாவே பின்னால் நிற்கிறார்! இங்கே முதன்முதல் படிப்பித்த கறுப்பின ஆசிரியையாம். உயிரோடு இருப்பவர்களையும் இப்படித்தான் கொண்டாடுவார்களாம்.

கூட வேலை செய்யும் செபமாலை அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உயிரோடை நிக்கிற மனிசிக்கு அஞ்சலி செலுத்தின முதல் ஆள் நீதானடா!”

அந்த அம்மா கோபிக்கவில்லை. உங்கள் ஆட்களின் படம் இருந்தால் நீங்களும் கொண்டுவந்து வையுங்கள் என்றார். இல்லை என்றேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் செபமாலை அண்ணையின் மகளிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். அதோடு எங்கள் சாரங்கனின் படம் இன்னொன்றும் வைத்து அனுப்பும். என்னிடமிருப்பது மடிப்பில் கிழிந்துவிட்டது. அடுத்த வேலைக்கு பஸ் வரப்போகிறது, முடிக்கிறேன்.

படம் இல்லை என்று சொன்னேனே, அவன் படம் அப்போதும் என் பர்சில்தான் இருந்தது. காணாமல்போன பிள்ளை வருவான் என்று நீர் இன்னமும் பூ வைக்காத படத்துக்கு நான் எப்படிப் பூ வைப்பேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

உமது
ஞானேந்திரன்