டிராதான், அத்தை

மார்ச் 4, வியாழன்

மன்றத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி சாவியை ஆட்டியபோது, சதுரங்க இறுதி ஆட்டம் பாதியில் நின்றது. விதிப்படி மீதியை ஆடக் கூடாது. ஜெயிக்கக்கூடிய ஆட்டமா, டிராவா என்று நடுவர் எழுதித் தர வேண்டும். நடுவர் நான். ஆடியவர்கள், ஆறு வருடமாகச் சாம்பியனாக இருக்கும் பல் டாக்டரும் என் மாமியாரும். டிரா என்றால் பட்டம் டாக்டரிடமே தங்கும். யாருக்கு வரும் இந்த யோகம்!

மார்ச் 5

டாக்டரிடம் வெறும் ராஜா. அத்தையிடம் ராஜா, ஒரு பிஷப், ஓரத்துச் சிப்பாய். பார்த்தால் அத்தையின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலை கறுப்புக் கட்டம். அத்தையின் பிஷப்போ வெள்ளையில் மட்டுமே நடப்பவர். டாக்டரின் ராஜா இரண்டே நகர்வில் அந்த மூலைக்குள் புகுந்துவிடும். அப்புறம் கிளப்ப முடியாது. அத்தைக்காக ஒன்பது வழி தேடினேன். ஒன்பதும் முட்டுச்சந்து.

மார்ச் 6

என் உடைகளை அத்தை இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி குத்துவதற்கு முன் பஞ்சால் துடைப்பார்களே, அந்த ஞாபகம் வந்தது.

இவர் வேறு: "அம்மா ஜெயிச்சாங்கன்னு எழுதினா வானம் இடிஞ்சு விழுந்திடுமா?"

விழாது. அதுதான் கஷ்டம்.

மார்ச் 7

டிரா. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 9

அத்தை என்னிடம் பேசுவதில்லை. நான் எதிரிலேயே இருக்க, மகனிடம்: "ஃபேனைக் குறைக்கச் சொல்லு."

டாக்டர் போன் செய்து நன்றி சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "உண்மையச் சொல்லணும்னா, அந்த மூலை விஷயமே எனக்குத் தெரியாதுங்க. ஆடியிருந்தா சிப்பாயப் பிடிக்க ஓடித் தோத்திருப்பேன்."

நான் என்ன செய்ய? ஆட்டத்துக்குத்தானே தீர்ப்பு, ஆளுக்கா? அத்தைகிட்ட சொல்றதா, வேண்டாமா— சொன்னா இந்த வீடு தாங்குமா?

மார்ச் 13

அத்தையே பலகையோடு வந்தார். "டாக்டர் பக்கம் நீ உக்காரு. எப்படி டிரான்னு நானும் பாக்கறேன்."

ஏழு முறை ஆடினோம். ஏழு முறையும் என் ராஜா மூலையில். எட்டாவது முறை அத்தையின் முகத்தைப் பார்த்தேன். ராஜாவை வேறு பக்கம் நகர்த்தினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தார், நாடி பார்ப்பதுபோல. "எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மூலைக்கே போ."

போனேன். டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டேன். மூலையிலிருந்த ராஜாவை அத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "பாவி மனுஷன்!" என்று சிரித்தே விட்டார்.

மார்ச் 14

இன்று பக்கம் மாற்றிக்கொண்டோம். காலையிலிருந்து அத்தையின் ராஜா மூலையில். என்னால் அசைக்க முடியவில்லை. சமையலுக்கு இவரை அனுப்பியிருக்கிறோம்.