சாம்பலியைப் பிரித்துப் பார்த்தபோது

கில்ராஸ், கால்வே
9 ஜனவரி 1994

அன்புள்ள கோல்மன்,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடைத்தது. உன் அண்ணன் ஃபெஸ்டி போனதிலிருந்து ஒரு வருஷம்கூட நீ தவறவிட்டதில்லை. கடைசி வரியும் மாறியதில்லை: "அந்த டிராக்டர் இன்னும் கொட்டகையிலா இருக்கிறது? பழைய இரும்புக்குப் போட்டுவிடு, நோரீன்."

போடவில்லை. சாம்பலி என்று நாம் பேர் வைத்த அந்த டிராக்டரைத் திரும்ப ஓடவைக்கப் போகிறேன். சிரிக்காதே. மகள் ஊனா நர்ஸ் படிப்புக்கு டப்ளின் போய்விட்டாள். வீட்டில் நானும் இரண்டு பசுக்களும்தான். எவ்வளவு நேரம்தான் ரேடியோ கேட்பது?

நான் கொட்டகையைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுப் பாடர் வேலியோரம் வந்து நின்றான். "புருஷனைக் கொன்ன வண்டிக்கா எண்ணெய் போடுறே? பைத்தியமா உனக்கு?" என்றான். "உனக்கு உன் பொண்டாட்டி இன்னும் உருளைக்கிழங்கு அவிச்சுப் போடுறாளே, அதைவிடப் பெரிய பைத்தியமா?" என்றேன். போய்விட்டான்.

பள்ளிக்கூடத்தில் நம் மூவரில் உனக்குத்தான் கையில் அறிவு என்று ஃபெஸ்டி சொல்வான். இந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரிந்தவன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். நீயோ டொராண்டோவில் இருக்கிறாய். அதனால் கடிதத்தில் சொல்லிக்கொடு. இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. எங்கே தொடங்க?

அன்புடன்,
நோரீன்

டொராண்டோ
27 ஜனவரி 1994

அன்புள்ள நோரீன்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்கு ஏன் இந்த வேலை என்று தோன்றியது உண்மை. ஆனால் நீ ஒன்று நினைத்தால் நினைத்ததுதான், அது எனக்குத் தெரியாதா?

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்று. டீசலையும் கியர் எண்ணெயையும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு தேநீர்க் கோப்பை ஊற்று. இரண்டு வாரம் தொடாதே. பிறகு மேல் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டு. அவசரப்பட்டால் உடைந்துவிடும். எதிர்பாராத நேரத்தில் 'டக்'கென்று விடும்.

ஒரு சேதி. ஆகஸ்டில் நிரந்தரமாக ஊருக்கே வந்துவிடுகிறேன். இங்கே எனக்கென்று யார் இருக்கிறார்கள்? மேட்டு வயல் ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குழி. வேறென்ன வேண்டும்? நீ தனியாக இருக்க வேண்டியதில்லை என்பதும் மனதில் இருக்கிறது. தப்பாக நினைக்காதே.

என்றும் உன்,
கோல்மன்

கில்ராஸ்
20 மார்ச் 1994

அன்புள்ள கோல்மன்,

விட்டுவிட்டது! நீ எழுதியதுபோலவே 'டக்'. சக்கரத்தைப் பிடித்தபடி ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரேடியேட்டருக்குள் எலிக் குடும்பம் ஒன்று பதினோரு வருஷமாக வாடகையில்லாமல் இருந்திருக்கிறது. கார்புரேட்டரைப் பன்றித்தொடை வேகவைக்கும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். ஈஸ்டருக்கு ஊனா வரும்போது அதில்தான் சமைக்கப் போகிறேன், சொல்லிவிடாதே.

போன திங்கள் ஃபெஸ்டியின் நினைவுப் பூசை. கோவிலில் வழக்கம்போல எல்லாரும் வந்து கைகுலுக்கினார்கள். வழக்கம்போல யாரும் அவன் பேரைச் சொல்லவில்லை.

வால்வு இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கென்ன வழி?

நோரீன்

கில்ராஸ்
8 மே 1994

அன்புள்ள கோல்மன்,

வால்வுக்கு நீ ஏப்ரலில் எழுதியனுப்பிய வழி பலித்தது. செவ்வாய்க்கிழமை காலை இன்ஜின் உயிர் பெற்றது. முதலில் கறுப்பு, அப்புறம் நீலம், அப்புறம் வெறும் சத்தம். பாடர் ஓடிவந்து, "அடியே, நிஜமாவே எழுப்பிட்டியே!" என்று தொப்பியைக் கழற்றினான்.

நேற்று அடியில் படுத்து பிரேக் பக்கம் பார்த்தேன். பெடலிலிருந்து போகும் கம்பியும், அதை இணைக்கும் ஊசியும் எவ்வளவு நேர்த்தி! மற்ற இடமெல்லாம் துருப்பிடித்துப் போயிருக்க, அங்கே மட்டும் கைதேர்ந்தவன் வேலை தெரிகிறது. ஃபெஸ்டிக்கு இந்தச் சுத்தம் வராது. யார் செய்தது, உனக்குத் தெரியுமா? பிரிக்கலாமா, அப்படியே விடலாமா?

நோரீன்

டொராண்டோ
22 மே 1994

அன்புள்ள நோரீன்,

வேறு யார், நான்தான்! உன் கண் தப்பாதென்று தெரியும். அது நடப்பதற்கு முந்தின வியாழக்கிழமை, அதே கொட்டகையில், மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நானே கழற்றி நானே மாட்டியது. ஃபெஸ்டிக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாதே, பாவம். அவனை நான் பக்கத்தில்கூட விடவில்லை.

நீ எழுதியதைப் படித்ததும் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஏனென்று கேட்காதே.

பிரிக்க வேண்டாம். கிரீஸ் தடவி, மேலே வண்ணம் அடித்துவிடு. ஆகஸ்டில் வந்து மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
கோல்மன்

கில்ராஸ்
5 ஜூன் 1994

கோல்மன்,

உன்னுடைய இந்த மே மாதக் கடிதத்துக்காகத்தான் ஜனவரியிலிருந்து இன்ஜினைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நேர்த்தியான ஊசி எதுவும் அங்கே இல்லை. பிரேக் கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் துளையில் பாதி ஆணி இருந்தது. கூரைத்தகடு அடிக்கிற ஆணி, நடுவில் ஒடிந்தது. நான் அதைப் பார்த்தது மே மாதத்தில் அல்ல, போன அக்டோபரில். உன் பேச்சைக் கேட்டு இரும்புக்கே போட்டுவிடலாமென்றுதான் ஆளைக் கூப்பிட்டேன். அவன் வண்டியைத் தூக்கினான். நான் அடியில் பார்த்தேன். "வேண்டாம்ப்பா, இறக்கிடு" என்றேன்.

ஃபெஸ்டி மேட்டு வயலின் சரிவில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கொக்கி போட்டுவிட்டுத்தான் வாசற்படலைத் திறக்க இறங்கியிருக்கிறான். கொக்கி இன்றைக்கும் விழுந்த நிலையிலேயே துருப்பிடித்திருக்கிறது. ஆணி ஒடிந்தது. வண்டி பின்னாலேயே வந்து அவனைப் படல்கம்பத்தோடு நசுக்கியது.

ஆணி யாருடையது என்று ஆணி சொல்லாது. நான் போய்ச் சொன்னால், "பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவா" என்பார்கள். நீயே எழுதித் தர வேண்டியிருந்தது. உன் வேலையைப் புகழ்ந்தால் போதுமென்று எனக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன்.

மரண விசாரணையில் நீ சொன்னதைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். "இந்த வருஷம் நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. அன்னிக்குக் காலையில அண்ணன் மேல விஸ்கி வாடை அடிச்சது." நோன்புக் காலம், கோல்மன். சாம்பல் புதனிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்ற தைரியம்.

ஊனாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் பிள்ளைகள் அவள் முன்னால் தள்ளாடி நடந்து காட்டுவார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "அப்பா அன்னிக்கு எவ்வளவு குடிச்சாரு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க முடியும்? எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. அதைத்தான் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். என் புருஷன் மேல் எனக்கிருந்த நம்பிக்கையை.

பதில் எழுது. எழுதாவிட்டாலும் கையில் இருப்பது போதும்.

நோரீன்

டொராண்டோ
24 ஜூன் 1994

நோரீன்,

ஊசி ஒடிந்திருந்தது. கடைக்குப் புது ஊசி திங்கட்கிழமைதான் வரும். ஆணியைச் செருகினேன், நாலு நாள் தாங்குமென்று. அவனிடம் சொல்ல நினைத்தேன். மறந்துபோனேன். சத்தியமாக மறந்துதான் போனேன். மே மாதம் நீ எழுதியதைப் படித்து, அந்த ஆணியைத்தான் ஊசி என்கிறாய், அது ஒடியவே இல்லை என்று நம்பினேன்.

மரண விசாரணையில் அந்த அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க வண்டியில கை வெச்சீங்களா?" என்று கேட்டபோது வாய் தானாக 'இல்லை' என்றது. அப்புறம் எல்லாரும் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்கள். விஸ்கி என்று சொன்னேன். சொன்ன பிறகு திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. அடுத்த மாதமே விமானம் ஏறினேன். ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

உன் காலில் விழுகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லாதே. ஆகஸ்டில் நானே வந்து, நானே கோவிலில் எழுந்து நின்று சொல்கிறேன். என் வாயால் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடு. அம்மா பக்கத்தில் எனக்கொரு இடம் வேண்டும், நோரீன்.

கோல்மன்

கில்ராஸ்
8 ஆகஸ்ட் 1994

கோல்மன்,

சொல்லிவிட்டேன்.

நேற்று கல்லறை ஞாயிறு. உனக்குத் தெரியும், சாமியார் கல்லறைகளை மந்திரிக்கும் அந்த நாளுக்கு வெளியூர் போனவர்கள்கூட வந்துவிடுவார்கள். புது ஊசி, புது பிரேக் பட்டை, புதுச் சாம்பல் வண்ணத்தோடு சாம்பலியை நானே ஓட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசல்வரை போனேன். மேட்டில் நிறுத்தி, கொக்கி போட்டு, இறங்கினேன். அசையவில்லை. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாமியார் ஜெபத்தை முடித்ததும் ஃபெஸ்டியின் கல் பக்கத்தில் நின்று முதலில் பத்திரிகைத் துண்டைப் படித்தேன். பிறகு உன் மே மாதக் கடிதம். பிறகு ஜூன் மாதக் கடிதம், அம்மாவைப் பற்றிய வரிவரைக்கும். ஊனா ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க் காட்டினாள்.

பாடர் என்னிடம் வந்து, "நானும்தான் சொன்னேன் நோரீன், அவன் குடிச்சிருந்தான்னு. வாடை அடிச்சதுன்னு வேற சொன்னேன். நான் அன்னிக்கு அவனைப் பார்க்கவே இல்லைம்மா" என்று அழுதான். "அழுறதுன்னா அவன்கிட்ட போய் அழு" என்று கல்லைக் காட்டினேன். போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் போனார்கள். உன் கடிதங்களின் நகலை மரண விசாரணை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு.

ஆணியை மன்னித்திருப்பேன். அன்றைக்கே வந்து, "நோரீன், நான் மறந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால், அழுதுவிட்டு உனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருப்பேன். வாடை என்று சொன்னாயே, அதற்கு மன்னிப்பு என்னிடம் இல்லை. தேடியும் பார்த்தேன். உன் வாயால் சொல்ல வாய்ப்புக் கேட்டாய். உனக்குப் பதினோரு வருஷம் இருந்தது.

வருவதானால் வா. தடுக்க மாட்டேன். மேட்டு வயல் ஓரம் உன்னுடையதுதான், வீடு கட்டிக்கொள். யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள், திட்டக்கூட மாட்டார்கள். "எப்படி இருக்கே கோல்மன், மழை வரும்போல இருக்கே" என்பார்கள். நீ கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்று, வேறு பேச்சு தொடங்கும். கோவிலில் கைகுலுக்குவார்கள், உன் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கும் என் மகளுக்கும் கொடுத்ததைக் குறையாமல் உனக்கும் கொடுப்பார்கள்.

எனக்கு அது பழக ஐந்து வருஷம் பிடித்தது. உனக்கு எவ்வளவு பிடிக்குமென்று ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஃபெஸ்டி மனியனின் மனைவி,
நோரீன்