சட்டியை நீ கழுவிய நாள்

இன்று முதல் நோன்பு. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் கருகிய மணம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உம்மா எழும்பிப் பார்த்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவா.

நீ மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், ஒரு வருடமாகப் போகிறது. போன நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுததும் எங்கள் குசினிக்கு வந்துவிடுவாய். பக்கத்து வளவுதானே. நான் கஞ்சி கிண்டுவேன், நீ வெங்காயம் உரிப்பாய். இருவரும் நோன்பு என்பதால் உப்புப் பார்க்க, நோன்பு பிடிக்காத என் சின்னத் தங்கச்சியைக் கூப்பிடுவோம். இன்னொரு கரண்டி கஞ்சி கிடைக்கும் என்று அவள் எப்போதும் "உப்புக் காணாது" என்பாள். "இவள்ட நாக்க நம்பினா கஞ்சி கடல் தண்ணியாப் போகும்" என்பாய் நீ.

பிறகு நம் பகிடி விளையாட்டு தொடங்கும். உன் வாப்பா பாலாவிச் சந்தியில் வாங்கி வந்த சீடி, பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கஞ்சப் பணக்காரனும் அவனுடைய சமையல்காரனும். கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதி முழுவதும் நமக்கு மனப்பாடம். ஒருத்தி ஒரு வசனம் சொன்னால் மற்றவள் உடனே அடுத்ததைச் சொல்ல வேண்டும். விட்டவள் கஞ்சிச் சட்டியைக் கழுவ வேண்டும். நீ போட்ட சட்டம் அது. ஆனால் பெரும்பாலும் கழுவியது நான்தான்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. நாட்டுச் சண்டை முடிந்த பிறகு உன் வாப்பா மன்னாருக்குப் போய், உங்கள் குடும்பம் சண்டைக்குள் விட்டு வந்த பழைய வளவில் காடு வெட்டி, தகரக் கொட்டில் போட்டிருந்தார். பெருநாள் முடிய நீங்கள் எல்லோரும் போவதாக இருந்தது. அன்று நீ வெங்காயத்தைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சமையல்காரனின் வசனத்தைச் சொன்னாய்.

"அடுப்பு எரியுது எசமான், நான்தான் அணைஞ்சு போனேன்."

நான் அகப்பையைத் தூக்கினேன். "அணைஞ்சா என்னடா, சாம்பலையாவது அள்ளு!"

அடுத்தது உன் முறை. நீ பேசாமல் இருந்தாய்.

"தோத்திட்டாய் புள்ள. சட்டி இண்டைக்கு உனக்குத்தான்."

நீ அதே வசனத்தை மறுபடியும் சொன்னாய், மெதுவாக. புதிதாக நடித்துக் காட்டுகிறாய் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

நோன்பு திறந்த பிறகு சட்டியைக் கழுவினாய். அதை என்னிடம் நீட்டியபோது உன் கை பட்டது. சுட்டது. அடுப்படியில் இருந்தவளின் கை சுடாதா என்று விட்டுவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த கை அது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முப்பது நோன்பும் பிடிப்பேன் என்று உன் உம்மாவிடம் பந்தயம் பிடித்திருந்தாய். காய்ச்சல் என்று தெரிந்தால் நோன்பை விடச் சொல்வா என்றுதான் மறைத்திருப்பாய். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. டெங்கு என்றார்கள். பெருநாளன்று நீ இல்லை.

அன்றிலிருந்து யார் பகிடி விட்டாலும் நான் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். தங்கச்சிக்கு எரிச்சல். "சிரிங்க ராத்தா, எனக்கு ஒண்டுமில்ல!" என்பாள்.

உன் உம்மா, என் மாமி, என்னைக் காணும்போதெல்லாம் ஒன்றையே கேட்பா. "அண்டைக்கு என்ட மகள் உனக்கிட்ட ஒண்டும் சொல்லல்லயா?" நான் "இல்ல மாமி" என்பேன். என் உம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அங்க போய் வாயத் திறந்திடாத. புள்ளயப் பறிகொடுத்தவ. பழி நம்மட தலையிலதான் விழும்" என்றா. உன் வாப்பா இப்போது மன்னாரில் தனியாக இருக்கிறார். உன்னை அடக்கிய மையவாடியை விட்டு வரமாட்டேன் என்று மாமி இங்கேயே இருந்துவிட்டா.

இன்று உம்மா, கருகாத மேல் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி, "மாமிக்குக் குடுத்திட்டு உடனே வா" என்றா. மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. வழக்கமாகக் கேட்பதை இன்று கேட்கவில்லை. இனிக் கேட்கவே மாட்டாவோ என்று பயந்துவிட்டேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வசனம், என் சிரிப்பு, சட்டி, உன் கை.

துருவுவது நின்றது.

"சட்டிய அவளா கழுவினாள்?"

"ஓம் மாமி."

"எங்கட வீட்டுல ஒரு தேத்தண்ணிக் கோப்பயும் கழுவமாட்டாளே."

மாமி எழும்பி, கஞ்சியைத் தன் பாத்திரத்தில் ஊற்றி, கோப்பையைக் கழுவித் தந்தா.

"நாளைக்கும் நீதான் கொண்டு வரணும். நான் சொன்னேனெண்டு உம்மாக்கிட்டச் சொல்லு."

இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "அங்க என்ன கதைச்சாய்?" என்று உம்மா கேட்பா. அடிப்பாவோ, அழுவாவோ தெரியாது. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு உம்மா எழுப்பும்போது, முகம் கழுவ முன்னமே சொல்லிவிட வேண்டும். மாமி என்னை வரச் சொன்னா என்று.