இடப்பக்க ரிஃப்ளெக்டர்

12 ஜூன் 1976, சனி. மல்கிரேவ்.

நாதன் அண்ணையிடம் போன மாதம் வாங்கிய காரின் முன்பக்கத்தில், வெளிச்சம் பட்டால் மின்னும் செம்மஞ்சள் வில்லைகளான ரிஃப்ளெக்டர்கள் இரண்டையும் இன்று மத்தியானம் கழற்றி, நிறமில்லாதவற்றைப் பூட்டினேன். இடப்பக்கத்து ரிஃப்ளெக்டரின் பின்னால் சிவப்புக் கம்பளி நூலும், அதில் சிக்கிய நீளமான தலைமயிரும் இருந்தன.

"கார் ஒருநாளும் அடிபடேல்லை எண்டுதானே சொன்னவர்?" என்றாள் மனைவி.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, ரிஃப்ளெக்டர் மாத்தினனான்" என்று மட்டும் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இடப்பக்கத்தையும் கழட்டினனீரோ?"

"ஓம்."

"அந்தப் பிள்ளை எழும்பி நடந்து போனது, தம்பி. நான் பின்னுக்குப் பாக்கிற கண்ணாடியில பாத்தனான்."

நூலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதை ஓர் உறையில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் பொலிசுக்குப் போவேன். மனைவி இன்னும் விளக்கை அணைக்க விடவில்லை.