மூத்தவன் கணக்கு

சண்டர்லேண்ட்
பிப்ரவரி 12, 2013

அன்புள்ள லொரேன்,

இரண்டு செவ்வாயாக நீங்கள் நூலகத்துக் கணக்கு வகுப்புக்கு வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. இன்றைக்குத் தவக்காலத்துக்கு முந்தைய பான்கேக் செவ்வாய் அல்லவா, வகுப்பில் எல்லோருக்கும் பான்கேக் சுட்டுக்கொண்டு போனேன். உங்கள் பங்கையும் பக்கத்து இருக்கை பாரியே தின்றுவிட்டார்.

உங்கள் விடைமேல் நான் போட்ட ஒரு சிவப்புக் கோட்டுக்கா இவ்வளவு கோபம்? அரசாங்கம் தரும் பிள்ளைப் பணத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம்தான் அது. மூத்த பிள்ளைக்கு வாரம் இருபது பவுண்டு முப்பது, மற்றவர்களுக்குத் தலைக்குப் பதிமூன்று நாற்பது. மூவரில் மூத்தவன் போனால் நீங்கள் இருபது முப்பதைக் கழித்தீர்கள். அப்படியில்லை. அடுத்தவன் மூத்தவனாகிவிடுவான். அதனால் குறைவது பதிமூன்று நாற்பதுதான். மீதி முப்பத்து மூன்று எழுபது.

மார்ச் ஐந்தில் தேர்வு. சான்றிதழ் இல்லாவிட்டால் முதியோர் இல்லத்தில் அந்த மேற்பார்வை வேலை கிடைக்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஹிலரி


பிப்ரவரி 15

ஹிலரி,

பலகையில் எழுதுமுன் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "நம்ம லொரேன் வீட்டையே எடுத்துக்குவோம். மூணு பிள்ளைங்க. பெரியவன் போயிட்டான்னு வெச்சுக்குவோம்."

வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்காட் போய்விட்டான். போன ஜூனில், சைக்கிளில் போகும்போது, பதினைந்து வயதில். முதல் நாள் வகுப்பில் எனக்கு மூன்று பிள்ளைகள் என்று சொன்னது நான்தான். யார் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்வேன்.

இறந்த பிள்ளைக்கு எட்டு வாரம் பணம் வரும். பிறகு குறைத்தார்கள், உங்கள் பதிமூன்று நாற்பதேதான். போனது என் தலைச்சன், பிடித்தது கடைக்குட்டிக் கணக்கில். அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நல்லதுதானேங்க, இருபது முப்பது முழுசா போகலையே!" என்றாள் அங்கிருந்த பெண்.

எனக்குக் கழிக்கத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினேன். அதன்மேல் கோடு போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்து கொடுத்தீர்கள்.

லொரேன்


பிப்ரவரி 18

அன்புள்ள லொரேன்,

சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு முகத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. மன்னித்துவிடுங்கள்.

திட்டினாலும் சரி, ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரிக் கணக்கு ஒன்று தேர்வில் கட்டாயம் வரும். தாள் திருத்துகிறவருக்கு ஸ்காட்டைத் தெரியாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் கேட்கிறபடி எழுதிவிடுங்கள். அது வெறும் கணக்குதான், லொரேன். வேலை உங்களுக்கு வேண்டும்.

ஹிலரி


ஏப்ரல் 3

ஹிலரி,

தேறிவிட்டேன். வேலையும் கிடைத்தது.

நீங்கள் சொன்ன கணக்கு வந்தது. விடை மட்டும் போதாதாம், வழியும் காட்ட வேண்டுமாம். 'இரண்டாமவன் இப்போது மூத்தவன்' என்று என் கையாலேயே எழுதினேன்.

நேற்று வேலையில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கட்டம். இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது.

நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

லொரேன் பாலிஸ்டர்