கோடு போட்டது நீ

மாப்ள,

இன்று காலை டுடோரியலில் ஒரு பெண் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மரச் சுருளும் கரித்தூளுமாக மேசையில் உதிர, அந்த வாசனை என் நாற்காலி வரைக்கும் வந்தது. சீவி முடித்து, ஆங்கிலப் பத்தியில் ஒரு ‘ஹி’யைச் சுற்றி வட்டம் போட்டாள். அங்கிருந்து இரண்டு வரி மேலே இருந்த ஒரு பெயர் வரைக்கும் கோடு இழுத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, “சார், இந்த மாதிரி கோடு போட்டுப் படிக்கிறதை நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா சார்?” என்றாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். “வாயை மூடிக்கிட்டுப் பாடத்தைப் பாரு.” பாவம், முகம் சுண்டிப்போய்க் குனிந்துகொண்டாள்.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை உனக்கு எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எதிரில் உட்கார்ந்திருந்தபோது வாய் திறக்காத பயல் இப்போது கடிதம் எழுத வந்துவிட்டானாக்கும் என்று நீ சிரிப்பாய். சிரி, எனக்கு வேண்டும்.

நாம் பி.யு.சி. சேர்ந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? நான் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவன், தமிழ் மீடியம். நீ காரைக்கால் டவுனிலேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரான்சுக் குடியுரிமை. இங்கிலீஷ் இரண்டு பேருக்குமே தகராறுதான். ஆனால் உன் தகராறு எங்கள் யாருக்கும் வராத தகராறு. பிரெஞ்சில் கதவு, மேசை, வீடு எல்லாமே ‘அவள்’ என்பாய். இங்கிலீஷிலும் அப்படியே எழுதி வைத்தாய்.

‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னார் லெக்சரர். உன் நோட்டை எடுத்து வகுப்புக்கே படித்துக் காட்டினார். வீடு பெரியது, ‘ஷி’க்கு நான்கு கதவு, ‘ஷி’ ரொம்ப வயதானவள், ‘ஷி’யை அப்பா வருடா வருடம் வெள்ளையடிக்கிறார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, “சார், அந்த வீட்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளுங்க சார்!” என்றான். ஒரு மாதம் வரைக்கும் உன்னைப் பார்த்தவன் எல்லாம், “வீட்டுல வீடு சௌக்கியமா?” என்று கேட்டான். எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்தான். உனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன், இன்றைக்கு எதையும் பூசி மெழுகப் போவதில்லை.

அடுத்து வந்த பரீட்சையில் நான் தலைகுப்புற விழுந்தேன். பத்தியைக் கொடுத்து, ஐந்தாம் வரியில் உள்ள ‘இட்’ எதைக் குறிக்கிறது, எட்டாம் வரியில் உள்ள ‘தே’ யார் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் பத்தியில் முதலில் வந்த பெயரையே எழுதிவிட்டு வந்தேன். திருத்திக் கொடுத்த பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது நீ பக்கத்தில் வந்தாய். குத்திக்காட்டப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். “வீட்டுக்கு வா மாப்ள. எங்கிட்ட ஒரு வழி இருக்கு,” என்றாய். அவ்வளவு பேர் சிரித்தார்களே, அவர்களில் என்னைப் போய்க் கூப்பிட்டாயே!

உங்கள் சாப்பாட்டு மேசையில், உன் அப்பா பட்டாள உடுப்பில் நிற்கும் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து படித்தோம். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உன் அம்மா, “தம்பி, சாப்புட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போங்க,” என்பார். முதல் பத்தியில் ஒரு ஜட்ஜும் ஒரு டாக்டரும் ரயிலில் போகிறார்கள். இறங்கும் இடத்தில் மழை. ‘ஹி’ ‘ஹிம்’முக்குக் குடை கொடுத்தார் என்று வருகிறது.

“யாரு யாருக்குக் குடுத்தா?” என்றாய்.

“ஜட்ஜு டாக்டருக்கு.”

“எப்படிச் சொல்ற?”

“ஜட்ஜுதானே பெரிய மனுஷன். அவருதான் குடுப்பாரு.”

நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய். “பெரிய மனுஷன் சின்ன மனுஷன்லாம் இங்க கிடையாது மாப்ள. மொதல்ல ஆளைப் புடி. அப்புறம் கதையைப் படி.” பென்சிலை என் கையில் திணித்து, கோட்டைப் பின்பக்கமாக இழுக்கச் சொன்னாய். மேலே, நான் கண்டுகொள்ளாமல் தாண்டி வந்த வரியில், ஜட்ஜ் தன் குடையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார் என்று இருந்தது. குடை டாக்டருடையது. எனக்கு ஏதோ சுவர் இடிந்து வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. பத்தி முழுக்கக் கோடு போட்டு முடித்தால், யார் யார், எது எது என்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“எவன்டா உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டேன்.

“ஒருத்தனும் இல்ல. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்கல்ல, அன்னிக்கு சாயங்காலம் உக்காந்து நானா போட்டது. எது ‘ஷி’ எது ‘இட்’டுன்னு எனக்குப் புடிபடல. ஒவ்வொண்ணுக்கும் கோட்டை இழுத்து, அந்தாண்ட ஆளு இருக்கா, சாமான் இருக்கான்னு பாத்தேன். சரியா வந்துச்சு.”

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பத்தியைப் புரட்டினேன்.

இரண்டு பேரும் பாஸ் செய்தோம். நீ பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தாய். நான் பி.ஏ. முடித்து, வேலைக்கு அலைந்து, கடைசியில் டவுனில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து டுடோரியல் வைத்தேன். கோடு போடச் சொல்லிக் கொடுத்தேன். பெயிலான பிள்ளைகள் பாஸ் ஆனார்கள். திருநள்ளாறு, நிரவி, நாகூர் வரைக்கும் பேச்சு பரவியது. “கோடு சார்” என்றே எனக்குப் பெயர் வைத்தார்கள். யாராவது கேட்டால் முதலில் எல்லாம் ஒரு சிநேகிதன் சொல்லிக் கொடுத்தது என்றுதான் சொன்னேன். அப்புறம் சிநேகிதன் எப்போது கழன்றுகொண்டான் என்று தெரியவில்லை. கும்பகோணத்தில் கொடுத்து ஒரு கைடு அச்சடித்தபோது முன்னுரையில், ‘பல்லாண்டு அனுபவத்தில் நானே கண்டறிந்த முறை’ என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை, மாப்ள. நல்ல வாக்கியம் என்று திரும்ப ஒருமுறை படித்துக்கூடப் பார்த்தேன்.

நீ லீவில் வந்த டிசம்பரில் நேராக டுடோரியலுக்கே வந்தாய். கொஞ்சம் பெருத்திருந்தாய், தலையில் முன்பக்கம் காலி. வந்த வேகத்தில் மேசையில் கிடந்த கைடை எடுத்தாய். நான் தடுப்பதற்குள் முன்னுரையைப் பிரித்துவிட்டாய். அரைப் பக்க முன்னுரை. நீ படித்து முடிக்க அரை நாள் ஆன மாதிரி இருந்தது. கரும்பலகையில் உன் கோடுகள் அப்படியே இருந்தன, அழிக்கவில்லை. புத்தகத்தை மூடினாய்.

“அட்டை நல்லா வந்திருக்கு மாப்ள,” என்றாய்.

‘டேய், அது உன்னோடதுடா’ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “சோடா குடிக்கிறியா? பன்னீர் சோடா இருக்கு,” என்றேன். குடித்தோம். அரசலாற்றில் தண்ணீர் குறைவு, அங்கே குளிர் அதிகம் என்று என்னென்னவோ பேசினோம். கிளம்பும்போது ஒரு புத்தகம் வேண்டும் என்றாய், கையெழுத்துப் போட்டுக் கொடு என்றாய். போட்டேனே! ‘அன்புடன்’ என்று எழுதி, கீழே கோடிழுத்து, தேதியும் போட்டுக் கொடுத்தேனே! அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வகுப்பில் சிரித்ததைக்கூடச் சின்ன வயசு என்று ஒதுக்கிவிடலாம். இதை எங்கே ஒதுக்குவது?

அடுத்த லீவில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அடுத்த லீவு வரவில்லை. மாரடைப்பு என்று உன் வீட்டுக்குத் தந்தி வந்தது.

போன மாதம் உன் மனைவி ஊருக்கு வந்திருந்தார். கோட்டுச்சேரிக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். பைக்குள்ளிருந்து அந்த கைடை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் நைந்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. உன் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை, ‘அவங்க’ என்றுதான் சொன்னார். அந்த ‘அவங்க’ யார் என்று கண்டுபிடிக்கக் கோடு தேவைப்படவில்லை.

“அங்க ஆபீஸ் வேலைக்கு மாத்தறதுக்கு இங்கிலீஷ் பரீட்சை வெச்சாங்கண்ணே. இந்தக் கோடு போட்டுத்தான் பாஸ் பண்ணாங்க. இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். அட்டையில இருக்கற உங்க பேரைக் காட்டி, ‘இவன்தான் சொல்லிக்குடுத்தான்’னாங்க. ஊருக்கு வந்தா உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னு இருந்தேன்.”

என்னைக் காட்டிக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. உன் சொந்த மனைவியிடம்கூட. உன் கோட்டை என் பெயரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லம்மா, அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. என் மனைவி காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். அவளும் அந்த முன்னுரையைப் படித்தவள்.

“அதெல்லாம் பெரிய விஷயம் இல்லம்மா,” என்றேன்.

உன் மனைவி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். உனக்குச் சேர வேண்டிய நன்றியை உன் மனைவியின் வாயாலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன், மாப்ள. அவர் திரும்பப் பிரான்சுக்குப் போய்விட்டார். அது என்னிடம்தான் இருக்கிறது.