ஆள் வராத இடது பக்கம்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
17.01.1999

அன்பு மகன் யூட்டுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை ஆண்டவரிடம் கேட்கிறேன், உன் விலா எலும்பின் சுகத்தை உன்னிடமே கேட்கிறேன், ஏனென்றால் தொலைபேசியில் நீ சொன்னது முழுவதும் உண்மையாக இருக்காது. இங்கே பனி. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அப்பாவுக்கு இந்த மாதம் காலை வேலை, முழங்கால் நோகிறது, டொக்டரிடம் காட்டச் சொன்னால் ஓம் ஓம் என்கிறார், போவதில்லை.

நீ அனுப்பிய அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டக் கசற் வந்தது. அமெரிக்கக் கசற் எங்கள் பெட்டியில் கோடு கோடாகத்தான் ஓடியது. பேர்ணில் படக்கசற் கடை வைத்திருக்கும் குலேந்திரன் அதை மாற்றிப் பிரதி எடுத்துக் கொண்டு வந்தான், வந்தவன் போகாமல் இருந்து நாலு ஆட்டத்தையும் எங்களோடு பார்த்தான். நூற்றிருபது கிலோ ஆள் ஒருவன் ஓடி வந்து தலைக்கவசத்தால் உன் விலாவில் இடிக்கிறான். உன் கால்கள் நிலத்தை விட்டுப் போகின்றன. பச்சை மரம் முறிவது போல ஒரு சத்தம். மேலே இன்னும் இரண்டு பேர் விழுகிறார்கள். சனம் கை தட்டுகிறது. நீ எழும்பி இரத்தம் துப்பிவிட்டு மறுபடி பந்தைக் கேட்கிறாய். குலேந்திரனின் தேத்தண்ணி அவன் மடியில் கொட்டுப்பட்டது. "அக்கா, இது விளையாட்டோ, கலியாண வீட்டுச் சண்டையோ? பொலிசைக் கூப்பிடுங்கோ" என்றான். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சும்மா இரடா, பெடியன் எழும்பீட்டான்" என்றார்.

புதுவருடத்தன்று நீ அப்பாவிடம் கேட்டாய், அடுத்த சீசனில் என் எறி திருந்துமோ என்று. போன சீசன் முழுவதும் இருநூற்றுப் பத்தொன்பது தரம் எறிந்தாய், நூற்றுப் பன்னிரண்டு தரம் பந்து உங்கள் ஆட்களின் கைக்குப் போனது. நூறுக்கு ஐம்பத்தொன்று. அறுபதுக்கு மேலே ஏறாவிட்டால் பந்து எறிகிற குவார்ட்டர்பேக் இடத்தை டெக்சாசிலிருந்து வரும் புதுப் பெடியனுக்குக் கொடுப்பேன் என்று உன் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அப்பா கால் வைப்புப் பிழை என்கிறார். குலேந்திரன் கட்சி வேறு. "எறியிறவன் என்ன செய்யிறது அண்ணை, பிடிக்கிறவனெல்லாம் கையில எண்ணெய் பூசிக்கொண்டு நிக்கிறான்" என்றான். பயிற்சியாளர் சொன்னதுதான் சரி என்று நீ நம்புகிறாய். இடது பக்கம் வராத ஆளுக்கு நீ பயப்படுகிறாய் என்று அவர் சொன்னாராம். அதற்கு மருந்தும் வைத்திருக்கிறாராம். மார்ச் முதல் தேதியிலிருந்து தினமும் ஐம்பது தரம், நீ எறிகிற நேரம், பஞ்சு அடைத்த பலகைகளோடு இரண்டு பேர் உன் இடது பக்கத்தில் அடிப்பார்கள். பயம் சாகும் வரைக்கும். இதை நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். அப்பாவும் சிரித்தார். அதனால்தான் இந்தக் கடிதம். மார்ச்சுக்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும்.

அப்பா வேலைக்குப் போன மூன்று காலைகள் நான் கசற்றைத் தனியே பார்த்தேன். படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தும் பொத்தானை அழுத்தி அழுத்தி. விளையாட்டு எனக்கு விளங்காது. எண்ணத் தெரியும். அந்த நாலு ஆட்டத்திலும் பிழையாய்ப் போன எறி நாற்பத்தொன்று. அதில் இருபத்தாறில் உன்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஆள் வந்து விழுகிறபோது நீ நன்றாக எறிகிறாய். விலா உடைந்த அந்த எறிகூட நேராகப் போய்க் கையில் விழுந்தது. ஒருவரும் வராதபோது, இடம் வெறுமையாக இருக்கிறபோது, பந்து கையை விடுவதற்குச் சற்று முன், உன் இடது தோள் காதுவரை உயர்கிறது. நாடி வலது பக்கம் திரும்புகிறது. கண் மூடுகிறது. படத்தை நிறுத்தினேன். அந்தத் தோளை எனக்குத் தெரியும்.

நான் வலக்கைக்காரி. முன்னால் நின்று அடித்தால் உன் இடது பக்கத்தில்தான் விழும்.

உனக்கு ஒன்பது வயது. மூன்றாம் மாடி வீடு. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கட்டடத்தில் சத்தம் போடக்கூடாது, மத்தியான ஓய்வு, சட்டம். பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு நடையில் நின்று நீ சுவருக்கு ரெனிஸ் பந்தை எறிவாய். காலை நாலு மணிக்கு அலுவலகம் துடைக்கப் போய் வந்து நான் படுத்திருப்பேன். கீழ் வீட்டுக்காரி தும்புக்கட்டையால் தன் முகட்டில் இடிப்பாள். ஒருநாள் கட்டடக் காவல்காரர் ஏறி வந்து, இன்னொரு தரம் என்றால் வெளிநாட்டவர் பொலிசுக்கு எழுதுவேன் என்றார். எங்கள் அகதி வழக்குக்கு அப்போது முடிவு வரவில்லை. ஒரு கடிதம் போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பந்துச் சத்தத்துக்காக இந்த நாட்டில் ஒருவரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த மாதம் ஊரில் என் தம்பியைச் சுட்ட செய்தியும் வந்திருந்தது. இதைக் காரணமாக எழுதவில்லை. அன்று இருந்தவற்றை எழுதுகிறேன்.

நான் கத்தவில்லை. கத்தினால் கீழே கேட்கும். செருப்பில்லாமல் பின்னால் வந்தேன். நீ பந்தை எறியக் கையை உயர்த்தித் திரும்பினாய். அடித்தேன். முதல் நாள் கை. பிறகு மர உடுப்புக் கொழுவி. ஒரு கொழுவி உன் தோளில் உடைந்தது, உடைந்த துண்டாலும் அடித்தேன். நீயும் கத்தவில்லை. சத்தமில்லாமல் அடிப்பதற்கு நானும் சத்தமில்லாமல் வாங்குவதற்கு நீயும் பழகிக்கொண்டோம். ஒன்றரை வருடம். கடைசித் தடவை உன் இடது காதிலிருந்து இரத்தம் வந்து சேட்டுக் கழுத்தில் இறங்கியது. சவ்வு கிழிந்திருந்தது. பனிச்சறுக்கு வண்டியால் விழுந்ததாக டொக்டருக்குச் சொல்லச் சொன்னேன், உண்மை தெரிந்தால் வதிவிடப் பேர்மிட் கிடைக்காது என்று. நீ நல்ல பேர்ண் ஜேர்மனில், என்ன நிற வண்டி என்பது வரைக்கும் சொன்னாய். டொக்டர் உன் தலையைத் தடவிவிட்டார். வெளியே வந்து "சரியாச் சொன்னனானோ அம்மா?" என்று கேட்டாய். ஓம் என்றேன். உனக்கு ஒரு சொக்கிளேற் வாங்கித் தந்தேன். நீ பிறகு இதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. மறந்தாயோ, எனக்காக மறந்தாயோ தெரியாது. தோள் மறக்கவில்லை.

போன வியாழக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். பதினொரு வருடமாக அவருக்குத் தெரியாது, அப்போது அவருக்கு எந்த நாளும் பகல் வேலை. உன் தோள் உயர்கிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "எத்தினை தரம்?" என்றார். தெரியாது என்றேன். "அந்தத் தோளைத் தூக்கிறது என்ர அப்பாவின்ர சாயல் எண்டு நினைச்சு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான்" என்றார். எழும்பிக் கையை ஓங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. நான் முகத்தை விலக்கவில்லை. கை சுவரில் விழுந்தது. இரண்டு விரலில் கட்டுப் போட்டிருக்கிறார். சலவை மெசினில் நசிந்தது என்று வேலையிடத்தில் சொல்லியிருக்கிறார். பேசுவது குறைவு. இரவுச் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். திருந்துமோ? எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஐம்பது அடிக்கு மட்டும் நிற்காதே. அடியைத் தாங்க அவர்கள் உனக்குப் பழக்கத் தேவையில்லை, அது உனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அடி வந்தால் நீ நேராக எறிகிறாய். அடி வராத இடத்தில் நிற்கத்தான் உனக்குத் தெரியாது. அதைப் பலகையால் பழக்க முடியாது. எதனால் பழக்கலாம் என்று உன் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கலாம், இருபது வருடம் இதே வேலை செய்கிறவர், ஆனால் முதலில் அவருக்கு விசயம் தெரிய வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் சொல். வெட்கமாக இருந்தால் அது என்னுடைய வெட்கம், உன்னுடையது அல்ல. உன் இடம் டெக்சாஸ் பெடியனுக்குப் போனாலும் போகட்டும், மார்ச்சில் ஒருவனும் உன்னைத் தொடக்கூடாது.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதற்குப் பதிலும் எழுத வேண்டாம்.

மாதா உன்னைக் காக்கட்டும். உன் எலும்புகள் சரியாகப் பொருந்தட்டும். கடிதம் கிடைத்ததும் தொலைபேசி எடு, அப்பா எடுத்தாலும் வைத்துவிடாமல் கதை, அவரிடம் இனி மறைக்க ஒன்றுமில்லை. பயிற்சியாளர் யார் அடித்தது என்று கேட்பார். அம்மா என்று சொல். எங்களுக்கு அப்போது கஷ்டம், யுத்தம், பேர்மிட் என்று பின்னால் ஒன்றும் சேர்க்காதே. அம்மா என்று சொல்லிவிட்டு நிறுத்து.

உன் அம்மா
அஞ்சலின் அம்புறோஸ்